திறன்பேசியின் இளமைக்காலம்

ஒரு பொருள் கைக்கு வந்து பழகிவிட்டால், அஃது என்றும் அங்ஙனமே இருந்ததென எண்ணுதல் மக்கட்கு இயல்பு. நம் கல்லூரி விடுதியில் உறையும் மாணவர் ஒருவரை நோக்கி, "திறன்பேசியின்றி ஒரு நாள் கழித்தல் கூடுமோ?" என வினவின், அவர் நகைத்து அப்பாற் செல்வர். ஆயினும் அக்கருவி கடைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேலேதான் ஆயிற்று. செயலிகளை விற்கும் கடை திறக்கப்பெற்றதோ, எம்மனையார் தொட்டிலைவிட்டு இறங்கி நடைபயின்ற காலத்தேயாம். அவ்விளமைக் காலத்தில் அக்கருவியைக் குறித்து வணிகரும் வல்லாரும் என் கூறினர், எவை பலித்தன, எவை பொய்த்தன, நம் தமிழெழுத்து அதனுள் எங்ஙனம் புகுந்தது என்பவற்றை அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தனம். இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இஃது ஏற்ற பொருளோவென ஐயுறுவார், இறுதிவரை பொறுத்தருள்வாராக.

முதற்கண் திறன்பேசி இன்னதெனத் தெளிதல் வேண்டும். பழைய கைப்பேசியில் அதனை ஆக்கியோர் வைத்த வசதிகளே உண்டு. வாங்கியவர் கூட்டவும் மாற்றவும் இயலாது. அஃது உணவகத்தில் கட்டித்தந்த சோற்றுப் பொட்டலம் போல்வது. திறன்பேசியோ அடுப்பும் பாத்திரமும் உள்ள அடுக்களை. வாங்கியவர் தமக்கு வேண்டியதைப் பின்னர் அதிற் சமைத்துக்கொள்ளலாம். அங்ஙனம் பின்னர்ச் சேர்க்கப்படும் நிரல்களே செயலிகள் எனப்படும்.

இவ்வினத்தின் மூத்த பிள்ளை 'ஸைமன்' என்பது. ஐ.பி.எம். கம்பெனியார் 1992ஆம் ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரத்துக் கண்காட்சியொன்றில் இதன் மாதிரியைக் காட்டினர். 1994 ஆகஸ்டில் பெல்ஸவுத் கம்பெனியார் இதனை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினர். ஈராண்டு ஒப்பந்தத்துடன் விலை 899 டாலர். எடை அரைக் கிலோவுக்குச் சற்று மிகுதி. திரையைத் தொட்டு முகவரி தேடலாம், நாட்குறிப்பு எழுதலாம், மின்னஞ்சலும் தொலைநகலும் விடுக்கலாம். ஆனால் மின்கலம் ஒரு மணி நேரப் பேச்சிற்கே ஓய்ந்துவிடும். ஏறத்தாழ ஐம்பதினாயிரம் விற்றபின், 1995இல் அது கடையினின்றும் மறைந்தது. பிறந்த காலத்திற் பிறவாது முந்திப் பிறந்த பிள்ளை அதுவென்பது எம் கருத்து.

1996இல் நோக்கியா கம்பெனியார் புத்தகம்போல் விரியும் 'கம்யூனிகேட்டர்' என்பதை வெளியிட்டனர். அவ்வாண்டே அமெரிக்காவில் 'பாம் பைலட்' என்னும் கையடக்கக் குறிப்பேட்டுக் கணினியும் வந்தது. இதனை வகுத்த ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பார், கருவி உருவாகுமுன்னரே அதன் அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு திரிந்தாராம். யாரேனும் சந்திக்க நாள் கேட்பின் அம்மரக்கட்டையை வெளியே எடுத்து அதில் எழுதுவதுபோற் பாவனை செய்வாராம். பைக்குள் அடங்குமா, அடிக்கடி எடுக்கத் தோன்றுமா என்பதை அவர் அங்ஙனம் ஆராய்ந்தார். பார்த்தோர் அவரை என்ன நினைத்தனரோ!

ஜப்பானில் 1999 பிப்ரவரியில் என்.டி.டி. டோகோமோ கம்பெனியார் 'ஐ-மோடு' என்னும் சேவையைத் தொடங்கினர். செய்தி, வானிலை, வங்கிக் கணக்கு, விளையாட்டு ஆகியவற்றைப் பேசியிலேயே பெறலாம். கட்டணம் மாதாந்தரப் பேசிச் சீட்டோடு சேர்ந்து வரும். பிறர் அளிக்கும் சேவைகளுக்குத் தண்டிய பணத்தில் நூற்றுக்கு ஒன்பதே தமக்கென எடுத்துக்கொண்டனர். இவ்வொன்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க; பின்னர் வேண்டும். கனடா நாட்டில் வாட்டர்லூ நகரத்திற் பிறந்த 'பிளாக்பெர்ரி'யோ, சிறு விசைப்பலகையால் வழக்கறிஞரையும் அதிகாரிகளையும் வசமாக்கிற்று. அதனை விடமாட்டாது இரவும் பகலும் நோக்கியிருந்தாரைக் குறித்து, போதைப்பொருள் ஒன்றின் பெயரொடு கூட்டி 'கிராக்பெர்ரி' என்று ஒரு சொல் வழங்கலாயிற்று. 2006இல் வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்டு அகராதியார் அதனையே அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். கைப்பேசி மயக்கம் இக்காலத்து இளைஞரிடமே தோன்றியதென்று எம்மைக் கடியும் பெரியோர் இதனையும் சிறிது கருதலாம்.

நிற்க. 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினார். ஜூன் 29இல் அது கடைக்கு வந்தது. அதற்கு முன்னிருந்த தொடுதிரைகளிற் பெரும்பாலன இரண்டு மெல்லிய படலங்களால் ஆயவை. எழுதுகோலால் அழுத்த மேற்படலம் கீழ்ப்படலத்தைத் தொடும். தொட்ட இடத்தைக் கருவி அறியும். ஆதலின் அழுத்தம் வேண்டும். மெல்ல வருடின் பயனில்லை. ஐபோன் திரையோ அழுத்தத்தை நாடாது, நம் உடலின் மின்னியல்பை உணர்வது. விரல் பட்டமாத்திரத்தே ஆண்டுள்ள சிறு மின்புலம் மாறும். இரு விரல் பட்டால் இரண்டு இடத்தும் மாறும். படத்தை இருவிரலால் விரித்துப் பெரிதாக்கும் வித்தை இதனாலேயே கைகூடிற்று. நகநுனியால் தட்டினால் அத்திரை பேசாதிருப்பதும் இக்காரணத்தானேயாம்.

இக்கருவியைக் கண்டு அக்காலத்தார் எல்லாரும் வியந்தனரென நினைத்தல் பிழை. மைக்ரோஸாப்ட் கம்பெனித் தலைவராயிருந்த ஸ்டீவ் பால்மர், இத்துணை விலைக்கு யார் வாங்குவரென நகைத்தார். விசைப்பலகை இல்லாமையின் அலுவலர்க்கு ஆகாதென்றார். குறிப்பிடத்தக்க சந்தைப் பங்கு இதற்குக் கிட்டுதற்கு இடமே இல்லையென்றும் உரைத்தார். அவரை இன்று எள்ளுதல் எளிது. ஆனால் முதல் ஐபோனிற் சொற்களைப் பெயர்த்து ஒட்டும் வசதியில்லை. அஃது 2009இல்தான் வந்தது. மூன்றாந் தலைமுறை இணைப்பு இல்லை. 599 டாலருக்கு விற்றதை எழுபது நாள் நிரம்புமுன் 200 டாலர் குறைக்க, முன்னர் வாங்கியோர் வெகுண்டனர். 100 டாலர் மதிப்புள்ள சீட்டளித்து அவர்களைத் தணிக்கவேண்டியதாயிற்று. குறைகளை எண்ணியவர் எண்ணியது சரியே. அக்குறைகள் நிலையானவையென்று கருதியதே அவர் தவறு.

இன்னும் வியப்பாவது யாதெனில், இன்று ஐபோனுக்கு உயிர்நிலையான செயலிக்கடை அன்று இல்லை என்பதே. பிறர் எழுதிய நிரல்களைத் தம் கருவியில் நேரே ஏற்ற ஜாப்ஸ் முதலில் உடன்படவில்லை. வலைப்பக்கமாகச் செய்துகொள்க என்றனர். ஆர்வலர் சிலர் சில கிழமைகளிலேயே கருவியின் பூட்டை உடைத்துத் தம் நிரல்களை ஏற்றலாயினர். அக்டோபரில் ஆப்பிள் கம்பெனியார் மனம் மாறினர். 2008 ஜூலை 10இல் ஏறத்தாழ 500 செயலிகளோடு கடை திறந்தது. முதல் மூன்று நாட்களில் ஒரு கோடி முறை செயலிகள் இறக்கப்பெற்றன. விற்ற பணத்தில் நூற்றுக்கு எழுபது எழுதியவர்க்கு, முப்பது கடைக்காரர்க்கு. முன்னர் நினைவிற்கொள்ளச் சொன்ன ஒன்பதை ஈண்டு ஒப்புநோக்குக.

அக்கடையில் தொடக்கத்தே வேடிக்கைகளுக்கும் குறைவில்லை. 'நான் செல்வன்' என்னும் பொருள்படப் பெயரிட்ட ஒரு செயலி, திரையிற் செந்நிற மணியொன்று ஒளிர்வதைக் காட்டுவதன்றி வேறொன்றும் செய்யாது, விலை 999.99 டாலர். எண்மர் அதனை வாங்கியபின் கம்பெனியார் அகற்றிவிட்டனர்.

வேடிக்கை இவ்வாறாக, வருந்தத்தக்கதும் ஒன்று உண்டு. கடைக்கு வரும் செயலி ஒவ்வொன்றையும் கம்பெனியார் சோதித்து, ஏற்கவும் தள்ளவும் செய்தனர். மார்க் ஃபியோர் என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தம் சித்திரங்களை ஒரு செயலியாக்கி அனுப்ப, பொதுவாழ்விலுள்ள பெரியோரை ஏளனம் செய்கின்றதென்று 2009இல் மறுத்துவிட்டனர். ஏளனம் செய்யாத கேலிச்சித்திரம் எவ்வுலகத்தது? 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. மறுப்புச் செய்தியும் பரவியது. கம்பெனியார் மீண்டும் அனுப்பச் சொல்லி ஏற்றுக்கொண்டனர். பரிசு பெறாத சித்திரக்காரர் கதி யாதாயிருக்கும் என்பதே எம் கேள்வி. புத்தகக் கடைக்காரர் ஒரு நூலை விற்க மறுப்பின் அடுத்த கடைக்குச் செல்லலாம். ஐபோனுக்கோ அன்று அடுத்த கடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் சட்டத்தின் வலியால் வேறு கடைகளுக்கும் வழிவிடப்பட்டது.

எனினும் வாயிலைத் திறந்துவிட்டாற் குறையின்றென்று கூறவும் துணியோம். 2008 அக்டோபரில் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் முதற் பேசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கூகுள் கம்பெனியாரின் அக்கடையிற் காவல் மிகத் தளர்ந்திருந்தது. 2011 மார்ச்சில் நல்ல செயலிகளைப்போல் வேடமிட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட தீச்செயலிகள் அங்குக் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பெற்றன. காவல் வேண்டும், ஆனால் காப்போன் கள்வனைத் தடுப்பதோடு நிற்கவேண்டுமேயன்றி, வருவோர் பேச்சு தனக்கு உவப்பானதோவென ஆராயலாகாது. எம் ஆசிரியர் ஒருவர் இவ்விரண்டையும் பிரிப்பது சொல்லுமளவு எளிதன்று என்பர். அது மெய்யாகலாம், யாம் இன்னும் உடன்பட்டோமில்லை.

2007இல் உலகில் விற்ற திறன்பேசிகளில் ஏறத்தாழப் பாதி நோக்கியாவுடையன. அக்கம்பெனியார் தம் பேசித்தொழிலை 2014 ஏப்ரலில் மைக்ரோஸாப்டுக்கு ஒப்படைத்தனர். 2006 முதல் பேசிகளைச் செய்துவந்த நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வரிவழக்கு ஒன்றினால் அவ்விற்பனையிற் சேராது தனித்து நின்று, அவ்வாண்டு நவம்பர் முதல் நாளோடு மூடப்பட்டது. தொலைநாட்டிற் பிறந்த ஒரு புதுமையால் ஈண்டு ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்டிரும் வேலையிழந்தனர்.

இனி எம் பாடத்திற்கு வருவாம். குறுஞ்செய்தி ஒன்றிற்கு வகுத்த இடம் 140 எண்மி. ஓர் எண்மிக்கு எட்டுத் துணுக்காக 1,120 துணுக்கு. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஏழு துணுக்குப் போதுமாதலின் 160 எழுத்து அடங்கும். ஒருங்குறி முறையில் விடுக்கும் தமிழுக்குக் குறியொன்றிற்குப் பதினாறு வேண்டும். ஆகவே 70 குறியே அடங்கும். அதிலும் நம் எழுத்தும் அவர் குறியும் ஒன்றல்ல. 'கொற்கை' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக் கணக்கில் ககரம், ஒகரக்குறி, றகரம், புள்ளி, ககரம், ஐகாரக்குறி என ஆறு. ஒரே கட்டணத்திற்கு ஆங்கிலம் எழுதுவோர் பெற்ற இடத்திற் பாதியும் தமிழர்க்குக் கிடைத்திலது.

இடம் போதினும் வடிவம் வரவேண்டுமே. உயிர்மெய்யின்கண் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்குமென்பது தொல்காப்பிய நூன்மரபு கற்றார் அறிந்தது. ஒருங்குறியும் அவ்வொலிமுறை பற்றியே, 'கெ' என்பதில் ககரத்தை முன்னும் எகரக்குறியைப் பின்னும் வைக்கின்றது. ஆனால் கையால் எழுதுங்கால் நாம் கொம்பை முன்னே இடுகிறோம். வைப்புமுறையை வரிவடிவ முறையாக மாற்றும் அறிவு கருவிக்கு வேண்டும். பழைய பேசிகள் பலவற்றில் அவ்வறிவு இல்லை. கொம்பு எழுத்திற்குப் பின்னே சென்று தனித்து நிற்கும். எழுத்துருவே இல்லாதவற்றில் எழுத்துக்கொரு வெற்றுக்கட்டமே தோன்றும். அக்காலத்தில் 'ஓபரா மினி' உலாவியில் மறைந்திருந்த ஓர் அமைப்பைத் திருத்தி, தமிழைப் படமாக வரைந்து அனுப்பச்செய்து படித்தோர் பலர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழெழுதும் வழி காட்டிற்று. ஐபோனில் தமிழ் விசைப்பலகை உடன்பிறப்பாக வந்தது 2013இல்.

இவற்றை எம் இல்லத்திலேயே கண்டோம். சிங்கப்பூரில் உள்ள எம் சிற்றப்பா, 2011இல் தமக்கு மகள் பிறந்த செய்தியைத் தமிழில் எழுதி எம் தந்தையார் பேசிக்கு விடுத்தார். வந்தவை நாற்பது கட்டங்கள். தந்தையார் அதனைக் கடைத்தெருவில் ஒருவரிடம் காட்ட, அவர் பேசி பழுதென்று கூறிப் பழுது நீக்கக் கூலியும் கேட்டார். பின்னர்ச் சிற்றப்பா ஆங்கில எழுத்தால் தமிழை எழுதலானார். பழமும் பலமும் பாலமும் ஒரே உருவில் வந்து நிற்கும். பாட்டியார் ஐந்தாம் வகுப்புவரை கற்றவர்; தமிழன்றி வேறெழுத்து அறியார். ஆதலின் மகன் எழுதியதை ஒவ்வொரு முறையும் பிறர் படிக்கக் கேட்டே வந்தார். தமக்கென எழுதிய ஒன்றிரண்டு சொல்லையும் வீட்டார் அனைவரும் அறிந்தபின்னரே தாம் அறிவார்.

2014இல் வீட்டிற்குத் தமிழ் தெரியும் திறன்பேசி வந்தது. முதற்செய்தி வந்தவுடன் பாட்டியார் கண்ணாடியை அணிந்து, திண்ணையில் அமர்ந்து, எவரையும் அருகில் வரவொட்டாது எழுத்தெழுத்தாகப் படித்தார். படித்து முடித்தபின் எம்மை அழைத்து, 'வீட்டிற்கு கூரை' என்று எழுதியிருக்கிறானே, அங்கே ஒரு 'க்' வேண்டாமா எனக் கேட்டார். அதனையே விடையாக எழுதி அனுப்பச் சொன்னார், அனுப்பினோம்.