நைட்ரிக் ஆக்சைடை அடக்கலாமா?

நெஞ்சுவலி உள்ள பெரியவர்களின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறிய மாத்திரை எப்போதும் இருக்கும். நம் கொட்டாரத்தில் சார்பிட்ரேட் என்ற அதன் பெயரைச் சிறு பிள்ளைகளும் அறிவர். நெஞ்சை அடைத்துக்கொண்டு வரும்போது பாட்டி அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில நிமிடங்களில் முகம் தெளியும். உள்ளே நடப்பது என்ன? மாத்திரையிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இதயத்தின் சுமை குறைகிறது.

கன்னியாகுமரி சாலையில் ஓடும் பேருந்துகளின் புகையிலும் இதே வாயு உண்டு. காற்றைக் கெடுக்கும் பொருள் என்றே இதனை நெடுங்காலம் எண்ணிவந்தனர். (சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடு வேறு. தேர்வில் இரண்டையும் குழப்பி மதிப்பெண் இழந்தவர்கள் எங்களிடையே உண்டு!) 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க அறிஞர், இரத்தக் குழாயின் உட்சுவரே குழாயைத் தளர்த்தும் ஒரு பொருளைச் சுரக்கிறது என்று காட்டினார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1998-இல் அவரும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோரும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். வெடிமருந்தான நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, 1896-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன், இதய நோய்க்கு மருந்தாக அதே நைட்ரோகிளிசரினை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். விதியின் விளையாட்டு என்று அவரே கடிதத்தில் வியந்திருக்கிறார்.

இவ்வளவு நல்ல பொருள் அளவு மீறினால் என்ன ஆகும்? செப்சிஸ் எனப்படும் கொடிய நோயில் அதுதான் நடக்கிறது. கிருமிகள் உடலெங்கும் தாக்கும்போது நைட்ரிக் ஆக்சைடு ஏராளமாகச் சுரந்து, குழாய்கள் அனைத்தும் தளர்ந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடுகிறது. அப்படியானால் அதன் உற்பத்தியை அடக்கிவிட்டால் நோயாளி பிழைப்பார் அன்றோ? மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினர். பல நாடுகளில் 797 நோயாளிகளிடம் அத்தகைய மருந்தொன்றைச் சோதித்தனர். இரத்த அழுத்தம் உயரவே செய்தது. ஆயினும் 2004-இல் வெளியான முடிவு நெஞ்சைக் கனக்கச் செய்வது. 28 நாட்களுக்குள், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 49 பேர் இறந்திருக்க, மருந்து பெற்றவர்களில் 59 பேர் இறந்தனர். சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

காரணம் எளிது. உடலில் இவ்வாயுவை உண்டாக்கும் நொதிகள் மூன்று வகை. ஒன்று நரம்புகளில் வேலை செய்வது. மற்றொன்று இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ளது. மூன்றாவது கிருமிகளோடு போரிடும் வேளையில் பெருமளவில் எழுவது. அடக்க வேண்டியது மூன்றாவதை மட்டுமே. அம்மருந்தோ மூன்றையும் ஒருசேர அடக்கியது. வயலில் தண்ணீர் மிகுந்துவிட்டதென்று மடையைத் திறந்து வடிப்பதற்குப் பதில் குளத்தையே தூர்த்தது போலாயிற்று. நுரையீரல் குழாய்கள் இறுகின, இதயம் தளர்ந்தது.

கருவில் வளரும் உயிருக்கும் இவ்வாயு தேவை. இதனை ஆராய்ந்தவர்கள் நம் சென்னையிலேயே இருக்கிறார்கள். தாலிடோமைடு என்ற மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961-இல் திரும்பப் பெறப்படுவதற்குள் கைகால் குறைவுடன் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்துவிட்டன. குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தார், நைட்ரிக் ஆக்சைடின் துணையால் புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதை இம்மருந்து தடுக்கிறது என்று 2006-இல் எழுதினர். பிறகு கோழி முட்டையிலும் ஜீப்ரா மீன் கருவிலும் தாலிடோமைடோடு நைட்ரிக் ஆக்சைடையும் கிடைக்கச் செய்து பார்த்தனர். உறுப்புக் குறைபாடுகள் கோழிக் கருவில் நூற்றுக்கு 94 பங்கும், மீன் கருவில் 80 பங்கும் குறைந்தன. இது 2012-இல் வெளியாயிற்று. நம் வீட்டுக் கோழி 21 நாள் அடைகாக்கும் முட்டைக்குள் இத்தனை பெரிய செய்தி இருந்திருக்கிறது!

முழுக் காரணமும் இதுவே என்று சொல்லிவிட முடியாது. தாலிடோமைடு சென்று பற்றும் வேறொரு புரதத்தை ஜப்பானியர் 2010-இல் கண்டறிந்தனர். தொழுநோயின் கடுமையான விளைவொன்றுக்கு இன்றும் இம்மருந்து மிகுந்த கட்டுப்பாட்டுடன் தரப்படுவதை, அந்நோயாளரிடையே பணிபுரிந்த சகோதரிகள் அறிந்திருக்கக்கூடும். கர்ப்பிணிகள் அதை அண்டவே கூடாது.

மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வருவோம். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நம் நாக்கிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றிக் கொடுக்க, உடல் அதிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடைப் பெறுகிறது. 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நலமுள்ள 19 பேர் குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கழுவும் மருந்தை ஒரு வாரம் பயன்படுத்தினர். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் குறைந்தன. இரத்த அழுத்தமோ 2 முதல் 3.5 புள்ளி வரை உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பல் மருத்துவர் சில நாட்களுக்குத் தந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் வாய் மணக்க வேண்டுமென்று மாதக்கணக்கில் அதனால் கொப்பளிப்பவர்கள், சந்தையிலிருந்து அம்மா வாங்கி வரும் தண்டங்கீரையின் பயனில் ஒரு பங்கை வாயிலேயே இழந்துவிடுகிறார்கள்.