விற்பனைக்கு வராத நிலம்: திருப்பதி, சித்தூர் மனைப்பிரிவுகள் ஒப்புதல் பெறும் விதம்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் சந்திரகிரியைக் கடந்ததும் இருபுறமும் வண்ண நுழைவு வளைவுகள் தென்படத் தொடங்குகின்றன. மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், செம்மண் பரப்பிய தெருக்கள், காற்றில் படபடக்கும் கொடிகள், ஒரு ஓரத்தில் தகரக் கூரையிட்ட அலுவலகம். ரேணிகுண்டா வழியிலும் புத்தூர், நகரி வழியிலும் இதே காட்சிதான். அப்பகுதி மக்கள் இவற்றை 'வெஞ்சர்' என்கிறார்கள். நாம் மனைப்பிரிவு என்கிறோம்.

இம்மனைகளை வாங்குவோரில் தமிழகத்தார் கணிசமானவர்கள். 1953 வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. உறவும் தொழிலும் இன்றும் எல்லையைப் பார்ப்பதில்லை. ஏழுமலையான் அடிவாரத்தில் ஒரு மனை இருந்தால் போதும் என்று ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துவரும் வாடிக்கையாளரை எந்த வங்கிக் கிளையிலும் காணலாம். மனையின் திசை, விலை, சாலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற விவரங்களை அவர் விரல் நுனியில் வைத்திருப்பார். அந்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளித்தது யார், எதைப் பார்த்து அளித்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும், "அப்ரூவல் இருக்கிறதாம்" என்பதே பதிலாக வரும். அந்த 'இருக்கிறதாம்' என்னும் சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கியுள்ளன என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒப்புதல் தரும் அமைப்பு எது என்பது. திருப்பதி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் 'துடா' எனப்படும் திருப்பதி நகர்ப்புற மேம்பாட்டு ஆணையம் கவனித்து வருகிறது. ஆந்திரப் பிரதேச நகர்ப்புறப் பகுதிகள் மேம்பாட்டுச் சட்டம் 1975-ன்கீழ் உருவான பழைய அமைப்பு இது. சித்தூருக்கென்று தனி மேம்பாட்டு ஆணையம் 2019-ல் அமைந்தது. பலமநேர், குப்பம், மதனப்பள்ளிப் பகுதிகளுக்கும் அதே காலத்தில் ஓர் ஆணையம் ஏற்பட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. எனவே பழைய பத்திரத்தில் 'சித்தூர் மாவட்டம்' என்றிருக்கும் நிலம் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கலாம். எந்த ஆணையத்தின் எல்லைக்குள் அந்தக் கிராமம் வருகிறது என்று கேட்டறிவதே முதல் வேலை.

நிலத்தைப் பிரித்து மனைகளாக்க விரும்புபவர், 2017-ல் வெளியான ஆந்திரப் பிரதேச நில மேம்பாட்டு விதிகளின்படி விண்ணப்பிக்க வேண்டும். மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம், உத்தேச மனைப்பிரிவு வரைபடம் ஆகியவை விண்ணப்பத்துடன் செல்லும். ஆணையத்தின் திட்டப் பிரிவு அந்நிலம் முழுமைத் திட்டத்தில் எந்த மண்டலத்தில் வருகிறது, அங்கே சென்றடையும் சாலை போதிய அகலமுடையதா, உயரழுத்த மின்கம்பி மேலே செல்கிறதா என்று பார்க்கும். பிறகு அலுவலர் நேரில் சென்று, வரைபடமும் தரையும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பார்.

இந்தச் சோதனையில் மிகவும் கவனிக்கப்பட வேண்டியது தண்ணீர். பத்து ஹெக்டேரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரியின் எல்லையிலிருந்து 30 மீட்டர், அதனினும் சிறிய குளம் குட்டைகளிலிருந்து 9 மீட்டர், பத்து மீட்டருக்கு மேல் அகலமான ஓடை, கால்வாய்களிலிருந்து 9 மீட்டர் என இடைவெளி விட வேண்டும் என்பது அம்மாநில விதி. காகிதத்தில் படிக்கையில் இவை வெறும் எண்கள். 2021 நவம்பரில் திருப்பதி மக்கள் இவற்றின் பொருளைக் கண்கூடாகக் கண்டார்கள். ஸ்வர்ணமுகி ஆறு கரைபுரண்டது. ராமச்சந்திராபுரம் அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட, கீழேயுள்ள கிராமங்களின் மக்களை வெளியேற்ற நேர்ந்தது. நகரின் பல குடியிருப்புகளில் நீர் புகுந்தது. எம்.ஆர்.பள்ளிப் பகுதியின் ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டில் மண்ணுக்குள் புதைத்திருந்த சிமெண்ட் உறைத் தொட்டி, நிலத்தைப் பிளந்துகொண்டு தூணைப்போல் மேலெழும்பி நின்றது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள். ஊறிப்போன மண்ணின் நீரழுத்தமே அதை மேலே தள்ளியது. ஏரிகளுக்கு நீர் வரும் வழியும் போகும் வழியும் குறுகிப்போனதைப் பற்றி அதன்பிறகு ஊரே பேசியது.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு சிறு குறிப்பு. தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி, 'குண்ட' என்றால் குட்டை, 'வங்க', 'வாகு' என்பன ஓடைகள். மனை காட்ட அழைத்துச் செல்பவர் கூறும் கவர்ச்சியான நகர்ப் பெயரை விட்டுவிட்டு, அந்த நிலத்துக்கும் பக்கத்து நிலங்களுக்கும் கிராம வரைபடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இயன்றால் கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா நிலமும் மேட்டு நிலந்தான்.

அடுத்தது உரிமை. திருமலைக் கோயிலின் நிர்வாகம் 1843 முதல் 1933 வரை ஹாத்திராம்ஜி மடத்தின் பொறுப்பில் இருந்தது. மடத்துக்கும் கோயிலுக்கும் திருப்பதியைச் சுற்றி நிலங்கள் உண்டு. ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலங்களும் உண்டு. இத்தகைய நிலங்களின் பதிவைத் தடுப்பதற்காகப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்கீழ் ஆந்திர அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மனைப்பிரிவின் சர்வே எண் அப்பட்டியலில் உள்ளதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். 'அடங்கல்', '1-பி' எனப்படும் வருவாய்த்துறைப் பதிவேடுகளை அரசின் 'மீபூமி' இணையதளத்தில் பார்க்கலாம்.

இனி, பலரும் அறியாத பகுதிக்கு வருவோம். ஆணையத்தின் பரிசீலனையில் பெரும்பங்கு, நாம் வாங்கப்போகும் மனையைப் பற்றியதன்று. யாரும் வாங்க முடியாத நிலத்தைப் பற்றியது. ஓர் உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் நிலம் என்றால் 24,200 சதுர கஜம். விதிப்படி குறைந்தது பத்து விழுக்காடு, அதாவது 2,420 சதுர கஜம், பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்குமான திறந்தவெளி. சாலைகளுக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடு என்று கொண்டால் 7,260 சதுர கஜம். பொதுவசதிக்கென ஒதுக்கும் சிறு பகுதியை இங்கே சேர்க்கவில்லை. மீதம் 14,520 சதுர கஜம். 200 சதுர கஜ மனைகளாகப் பிரித்தால் 72 மனைகள் தேறும். சாலையும் திறந்தவெளியும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் இலவசமாகப் போய்விடும். பிரிப்பவரின் பார்வையில் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் 'நஷ்டம்'. ஒப்புதலைத் தவிர்க்க முயல்வோரின் ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பது இக்கணக்கிலேயே விளங்கும்.

அந்த 72 மனைகளும் உடனே விற்பனைக்கு வந்துவிடா. ஆணையம் முதலில் தருவது தற்காலிக ஒப்புதல்தான். சாலை, மழைநீர் வடிகால், குடிநீர், மின்சாரம், மரக்கன்றுகள் என்ற பணிகளையெல்லாம் செய்து முடிப்பதற்கு உத்தரவாதமாக, மனைப்பரப்பில் 15 விழுக்காட்டை உரிமையாளர் ஆணையத்துக்கே அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுக்க வேண்டும். நம் கணக்கில் அது 11 மனைகள். பணிகள் முடிந்ததை அலுவலர் சோதித்து, இறுதி ஒப்புதல் வந்த பிறகே அவை விடுவிக்கப்படும். பணிகள் நடக்காவிடில், அந்த மனைகளை விற்று அவற்றைச் செய்து முடிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. வீட்டுக்கடன் வாங்கியவர் தம் வீட்டை வங்கிக்கு அடமானம் வைப்பது போலத்தான் இதுவும்.

ஆனால் அந்தப் பதினொன்றும் பார்வைக்கு மற்ற மனைகளைப் போலவே இருக்கும். அதே மஞ்சள் கல், அதே செம்மண் தெரு. சில சமயம் மூலை மனையாகவும் இருக்கும். 'நண்பருக்காக வைத்திருந்தது, அவசரத்துக்குக் குறைத்துத் தருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், வாங்குபவர் மகிழ்ந்தும் போவார். முன்பணமும் ஒப்பந்தமும் முடிந்த பிறகு வில்லங்கச் சான்றில் ஆணையத்தின் பெயர் தெரியவரும்போது, கடன் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஒரு சொத்தை முன்பே வேறொருவர் அடமானமாகப் பிடித்திருக்கையில் வங்கி அதன்மேல் கடன் தர இயலாது. ஆகவே தற்காலிக ஒப்புதல் கடிதத்தின் இணைப்பிலும் வரைபடத்திலும் அடமான மனைகளின் எண்களைத் தேடிப் பாருங்கள். மனை எண்ணுக்கு மட்டுமன்றி, மூல சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று எடுங்கள்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லையும் அடிக்கடி கேட்கிறோம். கிராம ஊராட்சி எல்லையிலுள்ள நிலமாயினும், ஆணையத்தின் அல்லது நகர ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி முத்திரை மட்டும் இருந்தால் அது முழு ஒப்புதல் ஆகாது. முறையான மனைப்பிரிவுக்கு 'எல்.பி. எண்' என்றொரு எண் உண்டு. அதை ஆணையத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டமாயின், 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி 'ரேரா' பதிவும் தேவை. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி.

ஒப்புதலற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2020-ல் ஆந்திரத்தில் விதிகள் வந்தன. தமிழகத்தில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதலற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்ததையும், 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்திட்டங்கள் நிம்மதி தருபவைதாம், மறுக்கவில்லை. ஆயினும் இல்லாத பூங்காவுக்கு ஈடாகக் கட்டணம் செலுத்துவதால் பூங்கா வந்துவிடுவதில்லை. ஏரிப் பரப்பில் உள்ள மனை வரன்முறைக்கே தகுதி பெறாது.

ஒப்புதல் வரைபடத்தை வங்கி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறது என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. தில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2006-ல் ரிசர்வ் வங்கி வழங்கிய அறிவுரைகளின்படி, அனுமதி பெற்ற வரைபடமின்றி வங்கிகள் வீட்டுக்கடன் வழங்கலாகாது. வரன்முறைப்படுத்தப்படாத குடியிருப்புகளில் உள்ள சொத்துக்கும் வழங்கலாகாது. எங்கள் வழக்கறிஞரும் மதிப்பீட்டாளரும் கேட்கும் காகிதங்கள் அனைத்தும் நீங்களே கேட்டிருக்க வேண்டியவைதாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவற்றின் நகல்களுடன் கிளைக்கு வந்தால், இரு தரப்புக்கும் நல்லது.

அளவு பற்றியும் ஒரு சொல். திருப்பதி வட்டாரத்தில் மனையை 'அங்கணம்' கணக்கில் பேசுவார்கள். ஓர் அங்கணம் 36 சதுர அடி என்று இங்கே சொல்வார்கள். 72 சதுர அடி என்று கணக்கிடும் ஊர்களும் உண்டு. ஒப்புதல் வரைபடம் சதுர மீட்டரிலும் விற்பனைப் பத்திரம் சதுர கஜத்திலும் இருக்கலாம். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. பேசிய விலையை எழுதிக்கொள்ளும் தாளிலேயே மூன்றையும் எழுதி, விற்பவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

விடுவிக்கப்பட்ட அடமான மனை ஒன்றை வாங்குவதில் தவறேதும் இல்லை. இறுதி ஒப்புதல் ஆணையும், ஆணையம் பதிவு செய்து கொடுத்த அடமான விடுவிப்புப் பத்திரமும், அந்தப் பத்திரத்தின் பதிவு ஏறியிருக்கும் புதிய வில்லங்கச் சான்றும் சேர்ந்து இருந்தால், அம்மனையும் மற்ற அறுபத்தொரு மனைகளைப் போன்றதே. விடுவிப்புக்குப் பின் எடுத்த சான்றுதானா என்று தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.