ஜி.பி.ஏ. 8.56 – உள்ளே ஒளிந்திருந்த ஓர் அரியர்!

பொறியியல் கல்லூரியில் மகனோ மகளோ சேர்ந்தவுடன் வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வருவது வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் 2022-ல் அப்படித்தான் வந்தது. அம்மாவின் வளையலை அடகு வைத்து அப்பா வாங்கிக் கொடுத்தார். "படிப்புக்குத்தானே?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

படிப்புக்குத்தான் பயன்படுத்தினேன். ஆனால் ஒரே ஒரு பாடத்திற்கு! பைத்தான் புரோகிராமிங் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரவு 11 மணி வரை புரோகிராம் எழுதுவேன். கேம் விளையாடவில்லை, படம் பார்க்கவில்லை என்பதால் மனதிலும் உறுத்தல் இல்லை. கணக்குப் புத்தகம் கீபோர்டின் பக்கத்திலேயே மூடிக் கிடந்தது.

ரிசல்ட் வந்தது. பைத்தானில் ஓ கிரேடு. கணக்கில் யு, அதாவது அரியர்.

ஜி.பி.ஏ. சொன்ன பாதி உண்மை

எங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை. அதில் ஓ கிரேடுக்கு 10 புள்ளிகள், ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் புள்ளியால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் ஜி.பி.ஏ. கிடைக்கும். யு வாங்கிய பாடம் இந்தக் கணக்கில் சேராது.

முதல் செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட். 4 கிரெடிட் உள்ள கணக்கை விட்டுவிட்டால் மீதி 18. என் புள்ளிகள் 154. வகுத்தால் 8.56! அதை அப்பாவிடம் சொன்னேன். அரியரைச் சொல்லவில்லை. அவர் அன்று மாலையே மாமாவிற்குப் போன் செய்து, "பையன் எட்டரைக்கு மேல" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று இரவு உண்மைக் கணக்கைப் பார்க்க ஒரு ஷீட் தயாரித்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஷீட் தயாரிக்கும் முறை

எக்செல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

1. முதல் நெடுவரிசையில் பாடத்தின் பெயர், இரண்டாவதில் கிரெடிட், மூன்றாவதில் கிரேடு புள்ளி எனத் தலைப்பிட்டு நிரப்பவும். அரியர் பாடத்தை விட்டுவிடாமல் 0 என டைப் செய்திடவும்.

2. நான்காவது நெடுவரிசையில் = குறியை டைப் செய்து, கிரெடிட் உள்ள செல்லைக் கிளிக் செய்திடவும். பின்னர் * குறியிட்டு, புள்ளி உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும்.

3. விடை வந்த செல்லின் கீழ் வலது மூலையில் சிறிய சதுரம் இருக்கும். அதை மவுஸால் பிடித்துக் கடைசிப் பாடம் வரை இழுத்தால் எல்லா வரிகளும் கணக்கிடப்படும்.

4. இரண்டாவது, நான்காவது நெடுவரிசைகளின் அடியில் ஆட்டோசம் பட்டனால் கூட்டுத்தொகை எடுக்கவும். நான்காவதன் கூட்டுத்தொகையை இரண்டாவதன் கூட்டுத்தொகையால் வகுக்கவும். வகுத்தல் குறி / என்பதாகும்.

எனக்கு 154/22 என்று வந்தது. விடை 7.00. இதுதான் என் உண்மை நிலை. மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "நேத்தே சொல்லியிருக்கலாமேடா. பரீட்சைக்கு எப்போ பணம் கட்டணும்?" என்று மட்டும் கேட்டார்.

நேரத்தையும் கிரெடிட் போலப் பிரியுங்கள்

ஷீட்டில் புள்ளிகளை மாற்றிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. ஒரு கிரெடிட் உள்ள ஆங்கில லேபில் ஒரு கிரேடு கூடினால் ஜி.பி.ஏ. 0.05 அளவில்தான் ஏறும். 4 கிரெடிட் கணக்கில் ஒரு கிரேடு கூடினால் 0.18 ஏறும். நானோ நன்றாக வரும் பாடத்திற்கே மேலும் மேலும் நேரம் கொடுத்திருந்தேன்.

எனவே ஒரு கிரெடிட்டிற்கு வாரம் ஒரு மணி நேரம் என வைத்துக்கொண்டேன். முதல் செமஸ்டரையே எடுத்துக்கொண்டால் 22 மணி நேரம். இதில் லேப் பாடங்களுக்கு 5 கிரெடிட். லேப் வேலை பெரும்பாலும் கல்லூரியிலேயே முடிந்துவிடும் என்பதால், அந்த 5 மணி நேரத்தைக் கடினமான பாடத்திற்கு மாற்றலாம்.

எத்தனை மார்க் தேவை?

தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. உங்கள் இலக்கு ஏ கிரேடு என்றால் மொத்தம் 71 வேண்டும். ஒரு காலி செல்லில் =(71- என டைப் செய்து, இன்டர்னல் மார்க் உள்ள செல்லைக் கிளிக் செய்து, )/0.6 என முடித்து என்டர் தட்டவும். இன்டர்னல் 26 என்றால் தேர்வில் 100-க்கு 75 எடுக்க வேண்டும் என்று காட்டும். ஏ பிளஸ் பெற 71-க்குப் பதில் 81 இட்டால், விடை 92-ஐத் தொடும்!

தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும் என்றாலும், தேர்வில் மட்டும் 45 சதவீதம் கட்டாயம். இன்டர்னல் நன்றாக இருக்கிறது என்று தேர்வை விட்டுவிட முடியாது. ஒழுங்குமுறை மாறினால் இந்த எண்களும் மாறும். உங்கள் கல்லூரியில் கேட்டு அவற்றைப் பயன்படுத்தவும்.

பிறகு என்ன ஆயிற்று?

அடுத்த தேர்வில் கணக்கில் பி கிரேடுடன் தேறினேன். இப்போது 178/22, அதாவது 8.09. பாஸ் செய்த பின் 8.56 குறைந்துவிட்டது என்று நண்பர்கள் சிரித்தார்கள். குறையவில்லை, 7.00-லிருந்து ஏறியது என்பது என் ஷீட்டிற்குத் தெரியும். ஆனால் ஒன்று திரும்பி வரவில்லை. டிஸ்டிங்ஷன் பெற 8.50 மட்டும் போதாது, எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும். அது முதல் செமஸ்டரிலேயே கைநழுவிப் போனது.

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்திலேயே இந்த ஷீட்டைத் தயார் செய்து, ஒரு காப்பியைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இன்டர்னல் தேர்வு முடிந்ததும் திறந்து பாருங்கள். பெற்றோரும் உடன் அமர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் இப்போது அப்பாதான் முதலில் கேட்கிறார்: "ஷீட்டைத் திறப்பா, பார்க்கலாம்."