டர்போ காருக்கு ஏற்ற என்ஜின் ஆயில்: கெட்டியா, குறியீடா?

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் சில கிலோமீட்டரில் இருங்காட்டுக்கோட்டையும், ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுத் தெற்கே திரும்பினால் ஒரகடமும் வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தி செய்துவரும் ஹூண்டாய், 2019ஆம் ஆண்டு வென்யூ காரில் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜினை அறிமுகப்படுத்தியது. 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனால்ட்–நிசான் ஆலையிலிருந்து 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மேக்னைட்டும் அதே அளவிலான டர்போ என்ஜினுடன் கிடைத்தது. டீசல் கார்களில் டர்போ நெடுங்காலமாகவே உண்டு என்றாலும், நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் சிறிய பெட்ரோல் கார்களில் அது பரவலானது அண்மையில்தான். ஆகவே, பழைய பெட்ரோல் கார்களுக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான ஆயிலை ஊற்றிப் பழகியவர்கள் அதே வழக்கத்தை டர்போ காருக்கும் கொண்டுவரும்போது, அந்த வழக்கம் இங்கு ஏன் பொருந்தாது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டர்போ என்பது, சைலன்சர் வழியே வீணாக வெளியேறவிருக்கும் புகையின் விசையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவியாகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம் என்பதால், வென்யூவின் 1.2 லிட்டர் சாதாரண என்ஜின் 83 குதிரைத்திறன் தந்தபோது, அதைவிடச் சிறிய 998 சிசி டர்போ என்ஜின் 120 குதிரைத்திறன் தந்தது.

இந்த ஆற்றலுக்கான சுமையைத் தாங்குவது ஆயிலே. சிறிய பெட்ரோல் என்ஜின்களில் டர்போவின் தண்டு நிமிடத்திற்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்கிறது. அதன் ஒரு முனையில் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமுள்ள புகையும், மறுமுனையில் வெளிக்காற்றும் மோதுகின்றன. பெரும்பாலான டர்போக்களில் இத்தண்டைத் தாங்குவது உருளைக்குண்டுகள் கொண்ட பேரிங் அன்று. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே உள்ள இடைவெளியில் அழுத்தத்துடன் பாயும் ஆயில் படலத்தின் மீதே தண்டு மிதக்கிறது. அப்படலம் சில நொடிகள் அறுந்தாலும் உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கிவிடும்.

காஞ்சிபுரம் பக்கமிருந்து முழு வேகத்தில் வந்த கார் ஒன்று, செம்பரம்பாக்கத்துச் சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றவுடன் என்ஜின் அணைக்கப்படுவதாகக் கொள்வோம். என்ஜின் நின்றதும் ஆயில் பம்பும் நின்றுவிட, டர்போவுக்குள் தேங்கிய சிறிதளவு ஆயில் புகைப்பக்கத்துக் கூட்டின் வெப்பம் முழுவதையும் ஏற்று, தரம் குறைந்ததாக இருந்தால், அடிப்பிடித்த பால்போலக் கருகிக் கரியாகப் படிகிறது. நாளடைவில் அக்கரி ஆயில் செல்லும் நுண்வழிகளை அடைத்துவிடுகிறது. இன்றைய டர்போக்கள் பலவற்றில் கூலன்ட் சுற்றி வருவதால் இவ்வாபத்து குறைந்துள்ளது என்றாலும், கடைசி ஓரிரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வருவதும், அரை நிமிடமேனும் கழித்து என்ஜினை அணைப்பதும் நல்ல பழக்கங்களே.

ஆயில் கேனில் காணப்படும் 5டபிள்யூ-30 போன்ற எண்கள் எஸ்ஏஇ என்னும் அமைப்பு வகுத்த பாகுத்தன்மைக் குறியீடுகள். பாகுத்தன்மை என்பது ஒரு திரவம் தன் ஓட்டத்திற்கு எதிராகக் காட்டும் தடையாகும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பதால் முதல் எண் குளிர்ந்த நிலையிலும், இரண்டாம் எண் 100 டிகிரி செல்சியஸிலும் ஆயிலின் தன்மையைச் சுட்டுகின்றன. சென்னையில் உறைபனி இல்லாதபோது முதல் எண்ணால் என்ன பயன் என்ற கேள்வி இயல்பானது. 30 டிகிரி வெப்பமுள்ள காலைப்பொழுதில்கூட 20டபிள்யூ-50 ஆயில் 5டபிள்யூ-30ஐவிடக் கணிசமாகக் கெட்டியாக இருப்பதால், என்ஜின் உயிர்பெற்ற முதல் நொடிகளில் டர்போவை எட்டுவதற்கு அது தாமதிக்கிறது. தேய்மானத்திற்கு அந்த நொடிகளே வாய்ப்பளிக்கின்றன.

“நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்று பட்டறைகளில் சொல்லப்படுவது முற்றிலும் ஆதாரமற்றது என்று கூற முடியாது. பழைய என்ஜின்களின் அகன்ற இடைவெளிகளுக்கு அது பொருந்தியது. ஆனால், வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக்கட்டுப்பாட்டு வால்வு கூலன்ட்டின் வெப்பத்தை ஏறத்தாழ 90 டிகிரியை ஒட்டியே வைத்திருப்பதால், ஆயிலின் கெட்டித்தன்மையை ஊரின் வெயிலைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. எந்த இடைவெளிக்கு எந்தப் பாகுத்தன்மை என்பதை என்ஜினை வடிவமைத்தவர்களே கணக்கிட்டுக் கையேட்டில் குறித்துள்ளனர்.

பாகுத்தன்மை சரியாக இருந்தால் மட்டும் போதாது. தரக்குறியீடும் பொருந்த வேண்டும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில், குறைந்த சுற்றில், உயர் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேம்பாலம் ஏறும்போது, ஆயிலும் பெட்ரோலும் கலந்த சிறு துளிகள் பிளக் பொறி விடுவதற்கு முன்பே தீப்பற்றிக்கொள்வது உண்டு. அந்த முன்கூட்டிய எரிப்பு எழுப்பும் அழுத்தம் பிஸ்டனையே உடைக்கவல்லது. அழுக்கு நீக்குவதற்காக ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுவதாக ஆய்வுகள் காட்டியதால், அவற்றின் ஒரு பகுதிக்கு மாற்றாக மக்னீசியம் சேர்மங்கள் பயன்படுத்தப்பட்டன. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுக்கும் தரக்குறியீடுகளில், 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி ஆகிய தரங்கள் இச்சிக்கலுக்கான பாதுகாப்பைக் கட்டாயமாக்கின. எனவே பழைய எஸ்எல், எஸ்எம் குறியீடுள்ள ஆயில், எண்ணில் 5டபிள்யூ-30 என்றே இருந்தாலும், இத்தகைய என்ஜினுக்கு உரியதாகாது. “ஃபுல்லி சிந்தெடிக்” என்ற சொல்லும் தரக்குறியீட்டிற்கு ஈடாகாது.

டீசல் டர்போவின் தேவை வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இடம்பெற்றுள்ளது. ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகும்போது அச்சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடுகிறது. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் இக்கார்களுக்குச் சாம்பல் குறைவான ஏசிஇஏ சி2, சி3 போன்ற ஐரோப்பியத் தரங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.

ஆயில் மாற்றும் காலத்தையும் கார் ஓட்டும் முறையே தீர்மானிக்கிறது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்பது பல கார்களுக்கு வழக்கமான கெடு. ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே நசரத்பேட்டையிலும் பூந்தமல்லியிலும் நாள்தோறும் ஊர்ந்து செல்லும் காரும், என்ஜின் முழுமையாகச் சூடேறுமுன் ஐந்தாறு கிலோமீட்டரில் நின்றுவிடும் காரும் கையேடுகள் கூறும் ‘கடின உபயோகம்’ என்ற பிரிவில் அடங்குவதால், அவற்றுக்கு அக்கெடு குறைகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்வதே காரணம். ஆகவே மாதம் ஒருமுறையேனும் சமதளத்தில் காரை நிறுத்தி ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பதும், சர்வீஸ் பில்லில் ஆயிலின் பெயரோடு எஸ்ஏஇ எண்ணையும் தரக்குறியீட்டையும் எழுதித் தரக் கேட்பதும், ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுவதும் உரிமையாளர் தவறாமல் செய்ய வேண்டியவை.

வடித்தெடுத்த பழைய ஆயிலைப் பற்றியும் இவ்வளவே அக்கறை வேண்டும். 2016ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகள் அதை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் அது சேர வேண்டும். சாலையோரக் கால்வாயில் கொட்டப்படும் ஆயில் மழைநீரோடு தாழ்ந்த இடம் தேடி ஓடும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்டு சென்னையின் குடிநீருக்கு ஆதாரமாக விளங்கும் செம்பரம்பாக்கம் ஏரி இப்பகுதியில்தான் இருக்கிறது என்பதால், பழைய ஆயில் எங்கே போகிறது என்று பட்டறையில் கேட்பதும் இங்குள்ள கார் உரிமையாளரின் கடமையாகிறது.