தோல் போர்த்திய கன்று

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநிலங்களில் இறைச்சி மாடு வளர்க்கும் பெரும் பண்ணைகள் உண்டு. அங்கே பல பசுக்கள் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் கன்று ஈனும். சில கன்றுகளுக்குத் தாய் இறந்துவிடும். இரட்டைக் கன்று போட்ட பசு சில நேரம் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டு, மற்றதை முட்டித் தள்ளும்.

அந்தக் கன்றுக்கு முதலில் சீம்பால் வேண்டும், அதுவும் பிறந்த சில மணி நேரத்துக்குள். ஒரு நாள் கடந்தால், அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் ஏற்காது. 40 கிலோ கன்றுக்குச் சுமார் 4 லிட்டர் தேவை.

பிறகு புட்டிப்பாலில் வளர்க்கலாம். ஆனால் வேலை அதிகம், செலவும் அதிகம். அதனால் கன்றை இழந்த பசுவைத் தேடுகிறார்கள். இறந்த கன்றின் தோலை உரித்து, கால் நுழைய ஓட்டை போட்டு, அநாதைக் கன்றுக்கு மாட்டிவிடுகிறார்கள். பசு தன் கன்றை அறிவது பெரும்பாலும் மோப்பத்தால்தான். பழகிய வாசனை வந்ததும் நக்கும், மடி கொடுக்கும்.

நம்மூரில் கன்று இறந்தால், அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாய்ப்பசுவுக்குக் காட்டிப் பால் கறந்தார்கள். அங்கே தோலுக்குள் இருப்பது பசித்த உயிர்க்கன்று. சில நாளில் தோலைக் கழற்றிவிடுவார்கள். அதற்குமேல் அதன் நாற்றத்தை யாராலும் தாங்க முடியாது!