வீடு எழுமுன் ஒரு படம்

வன்னி நாட்டில் வீடு கட்டத் துணிந்தோர் முதலிற் செய்வது நல்ல நாள் பார்த்து நிலையம் எடுப்பித்தலேயாம். வாயில் எத்திசை, கிணறு எம்மூலை, அடுக்களை எவ்விடம் என்பனவெல்லாம் அன்றே முடிவாகிவிடும். மேசனாரும் கயிறும் முளைகளுமாக வந்து நின்றுவிடுவார். ஆயின், அத்திவாரம் வெட்டுமுன் உள்ளூராட்சி சபையின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. வந்தாலும், “நமது காணியில் நாம் கட்டுவதற்கு எவரைக் கேட்பது?” என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

கேள்வி நியாயமானதே. விடை காண நாம் நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்க வேண்டும். 1914ஆம் ஆண்டிலே கொழும்பு நகருட் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடிமனைகள் அந்நோய்க்கு நல்ல உறைவிடமாயின. மறு ஆண்டே வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். தவிசாளர் அங்கீகரித்த படத்தின்படியன்றிக் கட்டடம் எழுப்பலாகாது என்று விதித்தது அதுவே. பின்னர் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. அச்சபை பிரகடனஞ் செய்த பகுதிகளுக்கு 1986இல் விரிவான ஒழுங்குவிதிகள் வந்தன. 2021இல் அவை புதுக்கப்பட்டன.

விதிகள் கேட்பது என்ன? அறைக்குப் போதிய யன்னல், அயலவர் மதிலுக்கும் நமது சுவருக்கும் இடையே வெளி, வீதிக்கு விடவேண்டிய இடம், கழிவுநீர் போகும் வழி ஆகியனவே. வன்னியில் இவற்றுள் தலையாயது கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் உள்ள தூரம். 50 அடி வேண்டும் என்பது பொது வழக்கு. வளவுக்கு வளவு கிணறு உள்ள ஊரில், நம் குழி நம் கிணற்றுக்குத் தூரமாய் இருந்தாற் போதாது. வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றையும் எண்ண வேண்டும். நிலையம் எடுப்பவர் அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை!

விண்ணப்பிக்கும் இடம் ஊருக்கு ஊர் வேறு. கிளிநொச்சி நகரத்தார்க்குக் கரைச்சிப் பிரதேச சபை. முல்லைத்தீவு நகரத்தார்க்குக் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை. வவுனியா நகரம் மாநகர சபையின் ஆட்சியில் உள்ளது. விண்ணப்பப் படிவம், காணி ஆவணம், நில அளவைப் படம், தகுதியுடையார் வரைந்த கட்டடப் படம் ஆகியவற்றை ஒப்படைத்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து பார்ப்பார். ஏ9 வீதியோரமெனின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கருத்தும் வேண்டப்படும். வயலை நிரவிக் கட்ட எண்ணுவோர்க்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இன்றியமையாதது.

படம் வரைவிப்பது எளிது. உண்மையான இடர் காணி ஆவணத்திலேதான். இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேற்றப்பட்டோரின் காணிகளுட் பெரும்பாலானவை உறுதிக் காணிகளல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிட் காணிகள். பெர்மிட் பாட்டனார் பெயரில் இருக்கும். வீடு கட்ட விழைபவர் பேர்த்தி. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிடில் ஆண்மக்களே பெண்மக்களுக்கு முந்துவர் என்ற முறை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை நிலவியது. ஏறத்தாழ எட்டுத் தசாப்தங்களுக்கு மேல் நம் பெண்கள் இதனைப் பொறுத்திருந்தனர் என்பதை இங்கே குறிக்காமல் இருக்க முடியவில்லை.

2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தோர் எண்ணற்றோர். பெர்மிட்டுக்குரிய கணவரே காணாமற்போன குடும்பங்களும் உள. மரணச் சான்றிதழ் கேட்க மனம் ஒப்பாத அத்தகையோர்க்கு, காணாமற்போனமையை உறுதிசெய்யும் தனிச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் இடமளித்தது. இவர்களெல்லாம் சபைக்குச் செல்லுமுன் பிரதேச செயலகத்தின் காணிப்பிரிவுக்குச் செல்லுதலே முறை. அங்குள்ள பதிவேட்டில் காணியின் வரலாறு இருக்கக்கூடும்.

“இந்திய வீட்டுத் திட்டத்திற் கட்டிய வீடுதானே, இனி அனுமதி எதற்கு?” என்பாரும் உளர். 2012 முதல் 5,50,000 ரூபாய் உதவியோடு எழுந்த அவ்வீடுகள் சிறியவை. மகளுக்கு ஓரறை, முன்புறம் ஒரு கடை என இன்று அவை வளர்கின்றன. சட்டமோ புதுக் கட்டடத்தைப் போலவே மாற்றத்தையும் கருதுகிறது. அனுமதியின்றிச் சேர்த்த அறைக்கு வங்கிக் கடன் கேட்கும்போதுதான் பலர் விழிக்கின்றனர். நீதவான் நீதிமன்றத்தின் கட்டளை பெற்று இடிப்பிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

மக்களை மட்டும் குறை கூறோம். என்ன கட்டணம், எத்தனை நாள், எவரைக் காண்பது என்பவற்றைச் சபை வாயிலிலே பெரிய எழுத்திற் பொறித்து வைத்தால் என்ன? எளிய குடும்பங்களுக்கு ஆயத்தமான சில மாதிரிப் படங்களைக் குறைந்த விலையில் வழங்குதலும் கடினமன்று.

அனுமதி கிடைத்தபின் ஒன்று மறக்கற்பாலதன்று. அது காலவரையறை உடையது. முடியுமுன் நீடிப்புப் பெற வேண்டும். வேலை நிறைவுற்றதும், படத்தின்படி கட்டியுள்ளோம் என்பதற்கு இணக்கச் சான்றிதழ் பெற்றே குடிபுக வேண்டும் என்கிறது சட்டம். பால் காய்ச்ச நாள் குறிக்கும்போதே இதற்கும் விண்ணப்பித்துவிடலாம். முத்திரை பதித்த படத்தின் பிரதியொன்றை வேற்றூரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்திருத்தல் நன்று. ஏனென்று வன்னி மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.