‘விசா போய்விடும்’ என்ற மிரட்டலுக்குச் சட்டம் சொல்லும் பதில்

சிட்னியிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலுக்கும் செங்குத்தான மலைச்சரிவுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிறது வொலங்காங் நகரம். போர்ட் கெம்ப்ளா இரும்பாலையால் வளர்ந்த ஊர். இன்று அதன் அடையாளம் பல்கலைக்கழகம். பொறியியல், கணினி, செவிலியம் என்று படிக்கப் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு.

கிளம்புவதற்கு முன் வீட்டில் நடப்பதெல்லாம் பணக் கணக்குதான். விசா கட்டணம் மட்டும் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். ஓராண்டுச் செலவுக்கு 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். கல்விக் கட்டணமும் விமானச் செலவும் தனி. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, அம்மாவின் நகையும் போகிறது. அங்கே போய் இறங்கும் பிள்ளையின் மனதில் இந்தக் கடன்தான் முதலில் நிற்கும். கூலியைக் குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கும் இது நன்றாகத் தெரியும்.

இது ஊகமல்ல. 2016-ல் வொலங்காங் பல்கலைக்கழக மாணவி ஒருவர், அந்த ஊர் ஓட்டல்களிலும் காபிக் கடைகளிலும் வேலை பார்த்த மாணவர்களிடம் சம்பள விவரம் கேட்டுத் தொகுத்தார். சட்டம் சொன்ன கூலியைவிட மிகக் குறைவாக வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அந்தக் கடைகள் இருந்தது ஒதுக்குப்புறத்தில் அல்ல, எல்லோரும் நடமாடும் தெருக்களில்.

மாணவர் விசாவில் இருப்பவர், படிப்பு தொடங்கிய பிறகு, பாடம் நடக்கும் காலத்தில் 14 நாளுக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். அந்த 14 நாள் ஒரு திங்கட்கிழமையில் தொடங்கும். விடுமுறையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. சம்பளத்தைப் பொறுத்தவரை, 2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிரந்தர வேலையாக இல்லாமல், கூப்பிடும்போது மட்டும் போகிற வேலை என்றால் அதற்கு மேல் 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விகிதம் வேறு. ஆண்டுதோறும் ஜூலையில் இந்தத் தொகை மாறும் என்பதால் புதிய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரருக்கு ஒரு கூலி, விசாக்காரருக்கு ஒரு கூலி என்று ஆஸ்திரேலியச் சட்டத்தில் கிடையாது.

மாணவர்கள் அதிகம் குழம்புவதும் ஏமாறுவதும் இன்டர்ன்ஷிப் விஷயத்தில்தான். “இன்டர்ன் என்றால் சம்பளம் கிடையாது, அனுபவம்தான் சம்பளம்” என்று சொல்வார்கள். பாதி மட்டும் உண்மை. 2009-ம் ஆண்டின் நியாயமான பணிச் சட்டப்படி, உங்கள் படிப்பின் கட்டாயப் பகுதியாக, பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்தோ ஒப்புதல் தந்தோ செய்யும் பயிற்சிக்குச் சம்பளம் தராமல் இருக்கலாம். செவிலிய மாணவி மருத்துவமனையில் செய்யும் பயிற்சி அப்படிப்பட்டது. பதிவு பெற்ற படிப்பின் கட்டாயப் பயிற்சி 48 மணி நேரக் கணக்கிலும் வராது.

ஆனால் நீங்களாகவே ஒரு நிறுவனத்தைப் பிடித்து, பட்டத்துக்குத் தேவையில்லாத ‘இன்டர்ன்ஷிப்’பில் சேர்ந்து, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால்? பெயர் என்னவாக இருந்தாலும் பெரும்பாலும் அது வேலை. வேலைக்குக் கூலி தர வேண்டும். அந்த நேரம் 48 மணிக் கணக்கிலும் சேரும். சம்பளமில்லாத வேலைதானே என்று எண்ணி, அதோடு கடை வேலையும் பார்ப்பவர் தனக்கே தெரியாமல் விசா நிபந்தனையை மீறியிருப்பார். ஆகவே பயிற்சி தொடங்கும் முன் பல்கலைக்கழகத்திடம் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: இது என் படிப்பின் கட்டாயப் பகுதியா? எழுத்தில் வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன், ஆயிரக்கணக்கில் கட்டு என்று ஏஜென்ட் சொன்னாலும் இதே கேள்விதான். பணம் கட்டுவதால் மட்டும் எந்தப் பயிற்சியும் உங்கள் பட்டத்தில் சேராது.

சம்பளச் சீட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். முதலாளியின் பெயர், அவருடைய ஏபிஎன் (ஆஸ்திரேலிய வணிக எண்), எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு, பிடித்த வரி, ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தும் தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் இந்தச் சீட்டு கைக்கு வர வேண்டும் என்பது சட்டம். கையில் ரொக்கமாகத் தருவது மட்டும் குற்றமில்லை, சீட்டும் வரியும் இல்லாமல் தருவதுதான் குற்றம். ஓய்வூதியத் தொகை 2025 ஜூலை முதல் சம்பளத்தில் 12 சதவீதம். நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பி, விசாவும் முடிந்தபின் விண்ணப்பித்தால், வரி போக மீதி உங்களுக்கே வரும். கேட்காமல் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடாதீர்கள்.

சீட்டே தராத இடத்தில் வேலை பார்க்கிறீர்களா? எந்த நாள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது வந்தீர்கள், என்ன கொடுத்தார்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். “நாளைக்கு ஆறு மணிக்கு வா” என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். நாளைக்கு வழக்கென்று வந்தால் இவைதான் பேசும்.

கணக்குக் கேட்டதும் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “நீ 48 மணி நேரம் தாண்டியவன், புகார் கொடுத்தால் உன் விசாதான் போகும்.” இதைக் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் ஏராளம். சட்டமோ இப்போது மாறிவிட்டது. விசாவைக் காட்டி மிரட்டி, நிபந்தனையை மீறி வேலை வாங்குவது 2024 ஜூலை 1 முதல் குற்றம். வேண்டுமென்றே கூலியைக் குறைத்துத் தருவது 2025 ஜனவரி 1 முதல் கிரிமினல் குற்றம், தனிநபருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கலாம். சுரண்டப்பட்ட தொழிலாளி முறைப்படி புகார் தந்து அதற்கான சான்றும் பெற்றால், நிபந்தனை மீறலுக்காக விசாவை ரத்து செய்யாமல் காக்கும் ஏற்பாடு 2024 ஜூலையில் முன்னோட்டமாகத் தொடங்கியது. வழக்கை நடத்துவதற்காகத் தங்கியிருக்கப் பணியிட நீதி விசாவும் அப்போதே வந்தது. இந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் உண்டு. எனவே புகாருக்கு முன் சட்ட ஆலோசனை பெறுவது நல்லது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ரெட்ஃபெர்ன் சட்ட மையம் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதை இலவசமாகத் தருகிறது.

சம்பளப் புகாருக்கு நியாயமான பணிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, எண் 13 13 94. ஆங்கிலத்தில் தடுமாறினால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் மீதே குறை என்றால், அங்கே புகார் கொடுத்தும் தீரவில்லையென்றால், 2025 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய மாணவர் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

படிப்பு தொடங்கும் முன்பே விசா மறுக்கப்பட்டால், கட்டிய கல்விக் கட்டணத்தில் 5 சதவீதம் அல்லது 500 டாலர், இரண்டில் எது குறைவோ அதை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கல்வி நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ‘பணம் போனது போனதுதான்’ என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

நியூ சவுத் வேல்ஸில் வீடு எடுக்கும்போது முன்பணம் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்தப் பணம் வீட்டுக்காரரின் பையில் இருக்கக் கூடாது, மாநில அரசிடம் செலுத்தப்பட வேண்டும். நம் பிள்ளைகள் பலர் வேறொருவர் எடுத்த வீட்டில் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்களை வாடகைதாரராகவே அந்த மாநிலச் சட்டம் ஏற்காது. ஒரு பக்கத் தாளாவது எழுதி வாங்குங்கள்.

வொலங்காங் கடலோர ஊர் என்பதால் கடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டு நட்டிருக்கும் இடத்துக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். அலை உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும் பகுதிதான் ஆபத்து, ஏனென்றால் அங்கேதான் தண்ணீர் கடலை நோக்கித் திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள். போர்ட் கெம்ப்ளாவின் ஹில் 60 பாறைகளில் மீன் பிடிக்கப் போய் அலை அடித்து இறந்தவர்கள் உண்டு. உயிர்காப்பு உடை இல்லாமல் அங்கே போகாதீர்கள். அவசர எண் 000.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கூலி சரியாகத் தரவில்லை என்று பிள்ளை போனில் சொன்னால், “பொறுத்துக்கோப்பா, படிப்பு முடியட்டும்” என்று சொல்லிவிடாதீர்கள். குறைத்துத் தந்த கூலியை ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோரலாம், அந்த வேலையை விட்ட பிறகும் கோரலாம். 13 13 94-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.